பயணத்துக்கு முன் பைக்கை ஷோரூம் சர்வீஸில் விடப்போகிறீர்களா?

2024 பொங்கல் விடுமுறைக்கு நான்கு பேர் பைக்கில் கொல்லிமலை போவதென்று முடிவு செய்திருந்தோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். என் வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் சிக்கி, பிறகு விடுபடுவதுபோலவும் இருந்தது. டிசம்பர் 27ஆம் தேதி ஷோரூமில் விட்டேன். "முப்பதாம் தேதி எடுத்துக்கொள்ளலாம் சார்" என்றார் அங்கிருந்தவர். ஜனவரி 12ஆம் தேதி மாலை போய்ப் பார்த்தபோது, முன்சக்கரம் கழற்றப்பட்ட நிலையில் ஒரு மரக்கட்டைமேல் முட்டுக்கொடுத்து மூலையில் நிறுத்தியிருந்தார்கள். பெட்ரோல் டேங்கில் படிந்த தூசியில் யாரோ விரலால் ஓர் இதயம் வரைந்து, அதில் அம்பும் விட்டிருந்தார்கள்.

மறுநாள் விடியற்காலையில் நண்பர்கள் மூவரும் பைக்கில் கிளம்பினார்கள். திறந்து இரண்டே வாரமாகியிருந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் நான் சேலம் பஸ்ஸுக்கு நின்றேன். எழுபது வளைவுகளையும் அரசுப் பேருந்தின் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எண்ணினேன்.

அந்தப் பதினாறு நாள்களில் நான் செய்த தவறுகள், ஷோரூம் செய்த தவறுகளுக்கு ஏறக்குறைய சமம். முதன்முறையாக நெடுந்தூரப் பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்பவர் அவற்றில் பாதியையாவது தவிர்க்கலாம்.

நாள்கள் எங்கே கரைகின்றன

ஃபோர்க் ஆயில் சீல் இரண்டையும் மாற்றி, ஹேண்டில் தண்டு திரும்ப உதவும் பேரிங் தொகுப்பான கோன்செட்டையும் மாற்றுவது கைதேர்ந்த மெக்கானிக்குக்கு அரை நாள் வேலை. மீதிப் பதினைந்தரை நாளும் என் வண்டி எதற்கோ காத்திருந்தது. தாமதம் என்றால் மெக்கானிக் மெதுவாக ஸ்பேனர் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பெரும்பாலான வண்டிகளை அந்த நாள்களில் யாரும் தொடுவதே இல்லை.

காத்திருப்பில் பல வகை உண்டு. வரிசை முதலாவது. எண்ணெய் மாற்றி, செயின் இறுக்கி, கழுவிக் கொடுக்கும் வண்டிகள் ஒரே நாளில் உள்ளே வந்து வெளியே போய்விடும். பணமும் அன்றே கைக்கு வரும். பிரித்து மாட்ட வேண்டிய வண்டி இந்த ஓட்டத்துக்கு இடைஞ்சல், ஆகவே தள்ளிப்போகும். இரண்டாவது, ஆள். சர்வீஸ் தளத்தில் பத்துப் பேர் இருந்தாலும் இன்ஜினையோ ஃபோர்க்கையோ பிரிக்கும் மூத்த மெக்கானிக் ஒருவரோ இருவரோதான். அவர் ஊருக்குப் போய்விட்டால் உங்கள் வண்டியும் விடுமுறையில் இருக்கும். மூன்றாவது, பாகம். அடிக்கடி விற்கும் பிரேக் ஷூ, ஏர் ஃபில்டர், கிளட்ச் கேபிள் ஆகியவை கையிருப்பில் இருக்கும். மற்றவற்றை நிறுவனத்தின் கிடங்கிலிருந்து வரவழைக்க வேண்டும். நான்காவது, வாரண்டி அனுமதி. பழுதான பாகத்தைப் படம் எடுத்து, குறிப்பு எழுதி நிறுவனத்துக்கு அனுப்பி, அங்கிருந்து ஒப்புதல் வந்த பிறகே புதியதை மாட்டுவார்கள்.

இவற்றோடு காலமும் சேர்ந்துகொள்ளும். பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களும், தொடர் விடுமுறைக்கு முந்தைய வாரமும் கூட்டம் நெரியும். நான் வண்டியை விட்ட நேரம் அதைவிட மோசம். டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல பகுதிகள் மூழ்கின. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த வண்டிகள் அந்த மாதம் முழுவதும் சர்வீஸ் வாசல்களில் வரிசைகட்டி நின்றன. வாசலில் நின்று கண்ணால் பார்த்த பிறகும் "முப்பதாம் தேதி" என்ற சொல்லை நம்பியது என் பிழை.

கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஒரு தாளில் கிளம்பும் தேதியை அடியில் எழுதுங்கள். அதற்கு மேல் மூன்று நாளை வெற்றாக விடுங்கள். அந்த மூன்று நாளில் வண்டிக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. அதற்கும் மேலே, கிளம்புவதற்கு ஏழு நாள் முன்பாக, "முடிவு நாள்" என்று எழுதி வட்டமிடுங்கள். அன்று மாலைக்குள் வண்டி கைக்கு வராவிட்டால் என்ன செய்வதென்பதை இப்போதே, மனம் அமைதியாக இருக்கும்போதே, தீர்மானித்து எழுதுங்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு வீட்டுச் சோதனை. சோதனை முடிந்த அதே வாரத்தில் ஷோரூம்.

அதாவது, கிளம்புவதற்கு நான்கு வாரம் முன்பே வேலை தொடங்கிவிட வேண்டும். எண்ணெய் மாற்றம் மட்டும்தான் என்றால் பத்து நாள் போதும். ஆனால் எண்ணெய் மாற்றம் மட்டும்தானா என்பதே வீட்டுச் சோதனைக்குப் பிறகுதான் தெரியும்.

வீட்டு வாசலில் ஒரு மணி நேரம்

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி பின்பக்கம் ஒருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் தட்டினால் கோன்செட் தேய்ந்திருக்கிறது. ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டக்' என்றால் அது தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது அசைவு தெரிந்தால் சக்கர பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிகிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அந்த எண்ணெய் வழிந்து டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. மலையிறக்கத்தில் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

செயின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல் கூர்மையாகியிருந்தால், செயினோடு சேர்த்து முழு செட்டாக மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு. டயரின் பள்ளத்துக்குள்ளே சிறு மேடுகளாகத் தேய்மான அடையாளம் இருக்கும். மேல்ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி லீவர் பஞ்சுபோல் அமுங்கும்.

விட்டுவிட்டு வரும் சத்தங்கள் ஷோரூமுக்குப் போனதும் வாயை மூடிக்கொள்ளும். பல் வலி டாக்டர் வீட்டு வாசலில் நின்றுபோவதைப் போல. ஆகவே காலை முதல் ஸ்டார்ட்டையும், சத்தம் வரும் நேரத்தையும் கைப்பேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். பிறகு குறைகளை எழுதுங்கள். நோயின் பெயரை எழுதாதீர்கள், அறிகுறியை எழுதுங்கள். "இன்ஜின் சரியில்லை" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. "காலையில் முதல் இரண்டு நிமிடம் இடப்பக்கம் தட்டும் சத்தம், சூடானதும் நின்றுவிடுகிறது" என்றால் மெக்கானிக் அங்கேயே பாதி கண்டுபிடித்துவிடுவார்.

பாகம் வந்த பிறகு வண்டி உள்ளே போகட்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டிச் செல்லும் நிலையில் இருக்கும் வண்டியை, பாகம் கையில் இல்லாத ஷோரூமில் விடாதீர்கள்.

என் விஷயத்தில் நடந்தது இதுதான். டிசம்பர் 28ஆம் தேதியே முன்பக்கத்தைப் பிரித்துவிட்டார்கள். ஆயில் சீல் இருந்தது, கோன்செட் இல்லை. இல்லையென்பது பிரித்த பிறகே தெரிந்திருக்கிறது. புத்தாண்டு வந்தது. கிடங்குக்கு ஆர்டர் போட்டதோ ஜனவரி 4ஆம் தேதி. பிரித்துப்போட்ட வண்டியை வேறிடத்துக்கு எடுத்துப்போகவும் வழியில்லை. சக்கரம் உருண்டிருந்தால் தெரிந்த ஷெட்டுக்காவது தள்ளிக்கொண்டு போயிருப்பேன்.

சரியான முறை இப்படி. முதல் நாள் சோதனைக்கு மட்டும் போங்கள். வண்டியை வாங்கிக் குறைகளை எழுதிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசரோடு ஒரு மெக்கானிக்கும் வண்டியை ஓட்டிப் பார்க்கட்டும். எந்தெந்தப் பாகம் தேவைப்படும், தேவைப்படலாம் என்று பட்டியல் கேளுங்கள். 'படலாம்' முக்கியம். ஃபோர்க்கைப் பிரித்தால் சீலோடு புஷ்ஷும் தேய்ந்திருக்கலாம்; கிளட்ச் பிளேட் மாற்றப் பிரித்தால் மூடியின் கேஸ்கெட் கிழியலாம். நூறு ரூபாய் கேஸ்கெட்டுக்காக ஒரு வாரம் நிற்கும் வண்டிகள் உண்டு.

பட்டியலோடு ஸ்பேர் கவுன்டருக்கு நீங்களே போங்கள். ஒவ்வொன்றுக்கும் பாக எண் இருக்கும். அதை எழுதி வாங்குங்கள். கையிருப்பு உண்டா என்று கணினியில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் பாகத்தையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் கணினியில் இருப்பது அலமாரியில் இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. இல்லாத பாகத்துக்கு முன்பணம் கட்டி ஆர்டர் போடச் சொல்லி, ரசீது வாங்கிக்கொண்டு, வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். பாகம் வந்ததும் வேலைக்கு நாள் குறியுங்கள்.

பாக எண் கையில் இருந்தால் இன்னொரு வசதி. அதே நிறுவனத்தின் மற்ற ஷோரூம்களுக்குத் தொலைபேசியில் கேட்கலாம். தாம்பரத்தில் இல்லாதது ஆவடியில் தூங்கிக்கொண்டிருக்கும். சென்னையில் இருப்பவர்கள் ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளையும் ஒரு நடை பார்க்கலாம். நிறுவனத்தின் உறையும், விலை அச்சிட்ட ஒட்டும் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் மலைபோல் குவிந்திருக்கும். கண்ணாடி, மட்கார்டு என்றால் போகலாம், பிரேக்கும் ஸ்டியரிங்கும் சம்பந்தப்பட்டது என்றால் வேண்டாம். நீங்கள் வாங்கிவரும் பாகத்தை மாட்டித்தர எல்லா ஷோரூமும் ஒப்புக்கொள்வதில்லை என்பதால் அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வாரண்டியில் செய்யும் வேலைக்கு இந்த வழி பொருந்தாது. பாகம் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

ஓட்டவே கூடாத நிலையில் இருக்கும் வண்டிக்கு இதெல்லாம் நடக்காது. அதை விட்டுத்தான் ஆக வேண்டும். அப்படியானால் "பாகங்கள் எல்லாம் வந்து சேரும்வரை பிரிக்க வேண்டாம்" என்று ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது குறைகளை எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்கும் தாளில், எழுதச் சொல்லுங்கள்.

ஜாப் கார்டு என்னும் ஒரே சாட்சி

நான் கையெழுத்துப் போட்ட ஜாப் கார்டில் "ஃபோர்க் செக்" என்று இரண்டே சொல் இருந்தது. அதை வைத்து யாரிடமும் எதையும் கேட்க முடியவில்லை. என் ஹேண்டில் சிக்குவது அதில் இல்லை, தேதி இல்லை, தொகை இல்லை.

கையெழுத்துப் போடும்முன் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஓடிய கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, ஏற்கனவே உள்ள கீறல்கள், வரிக்கு ஒன்றாக உங்கள் குறைகள், உத்தேசத் தொகை, முடித்துத் தரும் தேதி. கூடுதல் வேலை எதுவானாலும் தொலைபேசியில் கேட்டுவிட்டே செய்ய வேண்டும், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற இரண்டு வரிகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். எப்போது வேண்டும் என்று கேட்டால், கிளம்பும் தேதிக்குப் பதிலாக நீங்கள் வட்டமிட்ட முடிவு நாளையே எழுதச் சொல்லுங்கள். "இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே" என்ற எண்ணம் அவருக்கு வந்தால் உங்கள் வண்டி வரிசையின் வாலுக்குப் போகும்; பொய்யாக "நாளைக்கே கிளம்புகிறேன்" என்றால் அவசரத்தில் வேலை கெடும்.

எழுதியதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியையும் நான்கு பக்கமும் எடுங்கள். பக்கப் பைகள், கைப்பேசித் தாங்கி, ஆர்.சி. அசல் எதையும் விட்டு வராதீர்கள். டேங்கை நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். ஏன் என்று நான் விளக்கப்போவதில்லை.

விடும் நாள் செவ்வாய் அல்லது புதனாக இருக்கட்டும். சனிக்கிழமை ஊரே வருகிறது. திங்கட்கிழமை சனிக்கிழமையின் மிச்சம் நிற்கும். காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுவது நல்லது.

கேட்கும் விதம்

"வண்டி ரெடியா?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு: "சாயங்காலம் பாருங்கள் சார்." ஒன்பது மாலை நான் அதைக் கேட்டேன். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு நான்கு கேள்விகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வேலை முடிந்தது? எது பாக்கி? பாக்கி வேலை எதற்காக நிற்கிறது, பாகத்துக்கா, ஆளுக்கா, அனுமதிக்கா? அது வருவது எந்தத் தேதி? பாகம் என்றால், ஆர்டர் எண்ணும் ஆர்டர் போட்ட தேதியும் கேளுங்கள். ஆர்டர் எண் கேட்டவுடன் சில ஷோரூம்களில் அன்றுதான் ஆர்டர் போடுவார்கள். என் வண்டிக்கு ஜனவரி 4 அப்படி வந்த தேதி.

தினமும் அழைக்க வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை பதினொரு மணிவாக்கில் அழையுங்கள். மாலை ஐந்துக்கு மேல் வண்டி எடுக்க வருபவர்கள் கவுன்டரை மொய்த்திருப்பார்கள். அப்போது சொல்லப்படும் எதற்கும் பொருளில்லை. பேசி முடித்ததும் பேசியதை வாட்ஸ்அப்பில் அவருக்கே இரண்டு வரியாக அனுப்புங்கள்: "சார், கோன்செட் வியாழன் வரும், வெள்ளி மாலை வண்டி என்று சொன்னீர்கள். நன்றி." அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. தேதியோடு எழுத்தில் இருக்கிறது, அது போதும்.

மூன்றாவது முறை தேதி தள்ளிப்போனால் நேரில் போங்கள். தளத்தில் உங்கள் வண்டி எங்கே, எந்த நிலையில் நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். மெக்கானிக்கிடம் "அண்ணா, இதில் என்ன பாக்கி?" என்று கேட்டால் பெரும்பாலும் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவார். அட்வைசர் மறைக்கிறார் என்று அர்த்தமில்லை; பல வண்டிகளின் கதை அவர் தலையில் குழம்பிக் கிடக்கிறது, மெக்கானிக்குக்கோ கையில் இருக்கும் வண்டி மட்டும்தான். குரலை உயர்த்துவதால் பயனில்லை. நானும் உயர்த்திப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், வண்டியை யாரும் பார்க்கவில்லை. வேலை தொடங்கும்முன் மெக்கானிக் கையில் பணம் திணிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. முடிந்த பிறகு மனதாரக் கொடுப்பது வேறு.

மேலே கொண்டுபோவது

அட்வைசருக்கு மேல் சர்வீஸ் மேலாளர், அவருக்கு மேல் டீலர். அங்கும் நகராவிட்டால் பைக் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்துப் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். நிறுவனத்தின் வட்டார சர்வீஸ் அதிகாரியிடமிருந்து டீலருக்கு ஓர் அழைப்பு போகும். ஷோரூம்கள் அந்த அழைப்புக்கு ஓரளவு அசைகின்றன. ஜாப் கார்டின் படமும், வாட்ஸ்அப் வரிகளும் இங்கே உதவும். முடிவு நாளுக்கு நான்கைந்து நாள் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆனால் இவை எவையும் வெள்ளிக்கிழமைக்குள் வண்டியை வெளியே கொண்டுவராது. தவறான பில், கெட்டுப்போன வேலை, தொலைந்த பாகம் ஆகியவற்றுக்கு இழப்பீடு கேட்கத்தான் அந்தக் கதவுகள். பயணத்துக்கான கதவு வேறு.

முடிவு நாள் வந்துவிட்டது, வண்டி வரவில்லை

இந்த நாளில் "இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமே" என்று மனம் கெஞ்சும். கேட்காதீர்கள்.

முதல் கேள்வி, பாக்கி நிற்கும் வேலை இல்லாமல் வண்டி பாதுகாப்பாக ஓடுமா? பிரேக், டயர், ஸ்டியரிங், சக்கர பேரிங், ஃபோர்க் கசிவு, பெட்ரோல் கசிவு, முகப்பு விளக்கு, ஹாரன் இவற்றில் ஒன்று பாக்கியென்றாலும் அந்த வண்டி மலைக்குப் போகக் கூடாது. பக்க மூடியின் கிறுகிறுப்பு, பெயின்ட், கிக்கர் ரப்பர் போன்றவை என்றால் வேலையை அங்கேயே நிறுத்தி, செய்ததற்கு மட்டும் பணம் கட்டி, செய்யாததை பில்லில் குறிக்கச் சொல்லி எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, வெளி மெக்கானிக். வாரண்டி முடிந்த வண்டிக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன். வாரண்டியில் உள்ள வண்டி என்றால் இன்ஜினையும் மின்சார இணைப்புகளையும் வெளியே பிரிக்க விடாதீர்கள். பிற்பாடு எந்தக் கோளாறு வந்தாலும் அதைக் காரணம் காட்டுவார்கள். பிரேக் பேட், டயர், செயின் போன்ற தேய்மானப் பொருள்களை வழக்கமாக வாரண்டியே ஏற்பதில்லை. அவற்றை வெளியில் மாற்றலாமா என்று வாரண்டி புத்தகத்தின் நிபந்தனைகளைப் பத்து நிமிடம் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நல்ல ஷெட்டை முடிவு நாளன்று தேடக் கூடாது. நான்கு வாரம் முன்பே எண்ணெய் மாற்றக் கொடுத்துக் கையைப் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வாடகை பைக். முறையான வாடகை வண்டிக்குக் கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குத் தருபவரிடம் எடுக்காதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிடும். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 மே 7ஆம் தேதி முதல் அங்கே செல்ல இ-பாஸ் முறை இருக்கிறது; அது வண்டி எண்ணை வைத்து எடுப்பது. வண்டி மாறினால் பாஸும் மாற வேண்டும்.

நான்காவது, பஸ் அல்லது ரயில். ரயிலில் 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்கிவிடுவதால், விடுமுறைக் காலத்தில் ஏழு நாள் முன்பு போனால் காத்திருப்போர் பட்டியல்தான் கிடைக்கும். ஆகவே பண்டிகைப் பயணம் என்றால் வண்டியை விடும் நாளிலேயே ஒரு பஸ் டிக்கெட்டும் எடுத்து வையுங்கள். வண்டி வந்துவிட்டால் ரத்துக் கட்டணம் கொஞ்சம் போகும், போகட்டும். ஐந்தாவது வழி பயணத்தைத் தள்ளிப்போடுவது. இது தோல்வி என்று நினைக்கும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

வண்டியை எடுக்கும்போது

காலையில் போய் எடுங்கள். மாலை வெளிச்சம் மங்கிய பிறகு, பசியோடு, கடை மூடும் அவசரத்தில் எடுத்த வண்டியில் எதையும் பார்க்க முடியாது. ஜாப் கார்டின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகக் கேளுங்கள். பழைய பாகங்களை வாங்கிப் பாருங்கள். முன்சக்கரத்தைக் கழற்றிய வண்டி என்றால் அச்சு நட்டும், பிரேக் காலிப்பர் போல்ட்டும் இறுக்கப்பட்டனவா என்று உங்கள் முன்னால் ஒருமுறை ஸ்பேனர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட வேண்டியது எதுவுமில்லை. நகரும்முன் பிரேக் லீவரைப் பல முறை அழுத்துங்கள். புதிய பேட் மாட்டியபின் முதல் அழுத்தங்கள் வெறுமையாகப் போகும். வாசலைத் தாண்டியபின் அது தெரியக் கூடாது. எண்ணெய் மட்டம், செயின் தொய்வு, டயர் காற்று, எல்லா விளக்கும் பாருங்கள். காற்றை உங்கள் வண்டிக்குரிய அளவுக்கு நீங்களே வைத்துவிடுங்கள். மெக்கானிக்கைப் பின்னால் உட்காரவைத்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டிய பிறகே பில்லுக்குப் பணம்.

அதன் பிறகு வெள்ளோட்டம். நூறு கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். சென்னைக்காரர்கள் மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அந்தத் தூரம் வந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை சமதளம் என்பதால் மலையில் வரக்கூடிய குறை எல்லாம் அங்கே தெரியாது. கிளட்ச், பிரேக்கைச் சோதிக்க ஏதாவது மேம்பாலத்தில் நின்று நின்று ஏறிப் பாருங்கள், பயணச் சாமான் எடையையும் கட்டிக்கொண்டு. புதிய டயரில் முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் வளைவுகளில் சாய்க்க வேண்டாம், மேற்பரப்பு வழுக்கும். புதிய செயின் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தொய்யும். வீட்டுக்கு வந்து வண்டி ஆறியதும் தரையில் ஒரு செய்தித்தாள் விரித்து இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் தாளில் சொட்டு இருந்தால் இன்னும் நாள் இருக்கும்போதே ஷோரூமுக்குத் திரும்பலாம். மேலே மூன்று நாளை வெற்றாக விடச் சொன்னதும், முடிவு நாளை ஏழு நாள் முன்பு வைக்கச் சொன்னதும் இந்தச் சொட்டுக்காகத்தான்.

பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: கிளட்ச் கேபிள், ஃபியூஸ், ஸ்பார்க் பிளக், அறுந்த செயினை இணைக்கும் செயின் லாக், டியூப் டயர் என்றால் ஒரு டியூப், டியூப்லெஸ் என்றால் பங்ச்சர் ஒட்டும் கருவி. சர்வீஸ் பில்லின் படத்தைக் கைப்பேசியில் வையுங்கள். வழியில் அதே நிறுவனத்தின் வேறு ஷோரூமில் நிற்க நேர்ந்தால், என்ன மாற்றியது என்று பேசிக்கொண்டிருக்க வேண்டாம். வழியிலுள்ள ஊர்களின் சர்வீஸ் எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பொங்கல் பயணம் என்றால் அந்த எண்களைப் பெரிதாக நம்ப வேண்டாம்: பொங்கலன்றும் மாட்டுப் பொங்கலன்றும் சாலையோரப் பங்ச்சர் கடைக்காரர் கிடைத்தாலே புண்ணியம்.

என் வண்டி ஜனவரி 19ஆம் தேதி வந்தது. பில்லில் வாட்டர் வாஷ் என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். டேங்கில் அந்த இதயம் அப்படியே இருந்தது.